ஜீப் சீட்டுத் துணி போட்ட அலமாரி

ஜூலை 8, செவ்வாய்
மூடுபனி. தூறல். மனைவி மரகதம் சேலத்துக்கு, மகள் வீட்டுக்குப் போய் ஒரு மாதம். வெள்ளிக்கிழமை வருகிறாள். கிளம்பும்போது சொன்னது இன்னும் காதில்: "சமையக்கட்டு அலமாரியத் தொறந்தாலே பூசண வாசமுங்க. இனி நம்மால ஆவாது. ஊட்டை வித்துப்போட்டுச் சேலத்துக்கே போயிரலாமுங்க." மகளும் அதே பாட்டு.

முப்பது வருஷம் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராகக் குவார்ட்டர்ஸில் காலம் தள்ளிவிட்டு, மஞ்சக்குட்டையில் கட்டிய வீடு. மாட்டேன்.

அலமாரிப் பலகைகளில் விரித்திருந்த பேப்பரை எல்லாம் உருவினேன். கறுத்து, ஊறிப்போய். காப்பித்தூள் கட்டி. மிளகு பரவாயில்லை. அப்பளம், ஐயோ.

மதியம் ஷேர் ஜீப்பில் ஏற்காடு. உட்கார்ந்த இடத்திலேயே பளிச்சென்று யோசனை! இந்த சீட் பார்க்காத ஈரமா? மீன் கூடை, நனைந்த சேலை, குழந்தை வாந்தி. ஒரு துடை, புதுசு. நேரே சீட் தைக்கும் ஆறுமுகம் கடை. கரும்பச்சை ரெக்சின் துணி, ஐந்து மீட்டர். தலைகால் புரியவில்லை.

ஜூலை 9, புதன்
அதே மூடுபனி. மைதாப் பசை காய்ச்சி நாலு தட்டிலும் ஒட்டியாச்சு. கண்ணாடி மாதிரி. ஐந்தாறு தடவை திறந்து திறந்து பார்த்தேன். வேறு வேலை ஓடவில்லை.

ஜூலை 10, வியாழன்
போச்சு. பசை காயவே இல்லை. ரெக்சின் உப்பி, அடியில் புளித்த வாடை. பிள்ளையார் பிடிக்கக் குரங்கு. இத்தனை வருஷம் இந்த மலையில் இருந்தும் புத்தி எங்கே போச்சு? உரித்ததில் ஒரு துண்டு கிழிந்தது.

ஆறுமுகம் விழுந்து விழுந்து சிரித்தார். "ஏனுங்க ரைட்டரு, சீட்டுக்கு யாராச்சும் பசை போடுவாங்களா? பலகைய நல்லாக் காய வெச்சு முன்னால மட்டும் ஆணி அடிங்க. பின்னால சும்மா உடுங்க, காத்து போவட்டும்."

வெயிலுக்கு எங்கே போக? மகள் விட்டுப்போன ஹேர் டிரையர்! பலகையைக் கழுவி, ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி நேரம். மணப்பெண்ணுக்குக்கூட இவ்வளவு செய்யமாட்டார்கள். இடுப்பு வலி. மூன்று தட்டு முடிந்தது. மேல் தட்டுக்குத் துணி இல்லை.

ஜூலை 11, வெள்ளி
மழை. மரகதம் 11 மணி பஸ்ஸில் வந்தாள். பையைக்கூட இறக்கவில்லை, நேரே அலமாரி. நான் பேப்பர் படிப்பதுபோல் வாசலோரம்.

மூக்கை உள்ளே விட்டாள். "ஜீப்புல ஏறுனாப்புல இருக்குதுங்க." நல்லதா, கெட்டதா? பின்பக்கம் துணியைத் தூக்கினாள். பலகையில் விரலை ஓட்டி, விரலைப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. மறுபடியும் பார்த்தாள்.

மகள் போன். மரகதம் பேசியது மட்டும் கேட்டது. "ஊட்ட வெலைக்குப் பாக்க ஆளா? வேண்டாங் கண்ணு, வரச் சொல்லாத. இங்க மேல் தட்டு மொட்டையாக் கெடக்குது."

என் பக்கம் திரும்பி, "ஏனுங்க, இன்னும் எத்தன மீட்டர் வேணுமுங்க?"

ஒன்றே கால். இப்போதே கிளம்புகிறேன். குடை எங்கே?