பாத்திமா சோதிச்ச பாட்டில்

செவ்வாய், ராத்திரி.

பாத்திமாவை நினைச்சா பிரமிப்பா இருக்கு. அவளோட மருந்து புற்றுநோய் செல்கள்ல ஆர்.என்.ஏ. உருவாகிறதைத் தடுக்குதுன்னு போன வாரம் லேப்பே குதிச்சுது. சார் கட்டுரை எழுதச் சொல்லிட்டார். அவ மட்டும் நம்பல. மருந்தே சேர்க்காம, அதைக் கரைச்ச பாட்டில்ல இருந்த திரவத்தை மட்டும் செல்களுக்குக் கொடுத்தா. அப்பவும் ஆர்.என்.ஏ. குறைஞ்சிருச்சு. மருந்தில்லாம ஒப்பிட்டுப் பார்க்க நாங்க எடுத்த திரவம் வேற பாட்டில்லேர்ந்து, அதான் முன்னாடி தெரியல.

நேரா சார்கிட்ட போனா. “சார், வேலை செஞ்சது மருந்து இல்ல, கெட்டுப்போன திரவம்.” குரல் நடுங்கவே இல்ல.

கொண்டாட உறையூர்ல வாங்கின அல்வாவையும் பிரிச்சா. “கட்டுரை போறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுதே, சாப்பிடுங்க.”

நான் எடுத்த துண்டைத் திரும்ப வச்சுட்டேன். என் மருந்தையும் அதே பாட்டில்லதான் கரைச்சேன். காலையில சோதிக்கணும். அவளைப் பக்கத்துல நிக்கச் சொல்லணும்.