என் மனைவி கன்னிக் கிழவி அல்ல

மார்ச் 3

நடந்த அநியாயம் இது. பதினான்காவது புத்தகத்தில், ‘குளத்தில் பிணமாக மிதந்த அந்தப் பாவப்பட்ட கன்னிக் கிழவி ஹெஸ்டர்’ என்று என் மனைவியைப் பற்றி அச்சடித்திருக்கிறார்கள். நாற்பத்தொரு வருடம் என்னோடு குடித்தனம் நடத்தியவள்!

எழுதியது மூன்று வீடு தள்ளி இருக்கும் வெரிட்டி ஆக்ஸன்ஹாம். எங்கள் ஊர்க்காரர்களைப் பெயர் சகிதம் புத்தகத்துக்கு ஒருவராகக் கொன்றுகொண்டிருக்கிறாள். துப்பறிவது ஒரு பாதிரியாரின் விதவையும் அவள் வளர்க்கும் வாத்தும். மூன்றாவது புத்தகத்தில் ஹெஸ்டரின் முறை வந்தது. தன்னைக் குளத்தில் தள்ளிவிடும் அத்தியாயத்தை அவளே எனக்கு உரக்கப் படித்துக் காட்டிப் பூரித்தாள். அதில் ‘கணவர் ஒருவர் இருந்தார்’ என்று ஒரே ஒரு வரி. பெயர் இல்லை. போகட்டும் என்று விட்டேன். விட்டிருக்கக் கூடாது.

நிஜத்தில் அவள் போனது போன வருடத்துக்கு முந்தின வருடம். இதயம் நின்றுபோனது. குளமும் இல்லை, வாத்தும் இல்லை.

மார்ச் 4

வெரிட்டி வீட்டுக் கதவை இடித்தேன். ரோஜாவுக்கு உரம் போட்டுக்கொண்டிருந்தவள் கையைத் துடைத்தபடி வந்தாள்.

“ஐயோ, மறந்தே போயிட்டேன் மிஸ்டர் கட்ஃபர்த். பதினாலு புத்தகம். யாருக்கு யார் புருஷன்னு எனக்கு எப்படி ஞாபகம் இருக்கும்?”

“வாத்துக்கு எந்தக் கால்ல ஊனம்னு பதினாலு புத்தகத்துலயும் சரியா எழுதியிருக்கீங்களே?”

தேநீர் கொடுத்தாள். குடிக்கவில்லை.

மார்ச் 9

மழை. யாரோடும் பேசவில்லை.

ஏப்ரல் 17

இது இன்னொரு அநியாயம். ஆகஸ்ட் திருவிழாவில், புத்தகத்தில் செத்தவர்களுக்கென்று ஒரு கூடாரம் போடுவது வழக்கம். ‘காலமானோர் கூடாரம்’ என்று பலகையே உண்டு. செத்தவர்கள் உள்ளே உட்கார்ந்து தேநீர் குடிப்பார்கள். வெளியூர் வாசகர்கள் பேருந்தில் வந்து படம் எடுப்பார்கள். தலைவர் கசாப்புக்கடை சிரில் பன்ஸ். இரண்டாவது புத்தகத்தில் விஷம் வைக்கப்பட்டதிலிருந்து அவனுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது.

வாசலோரம், குளம் தெரிகிற நாற்காலி ஹெஸ்டருடையது. இரண்டு வருடமாகக் காலியாக இருக்கிறது. அதைத் தபால் நிலைய டொரீன் ஸ்ப்ராக்லிங்குக்குக் கொடுக்கப் போகிறானாம். பதினான்காவது புத்தகத்தில் மணிக்கூண்டில் கழுத்து நெரிபட்டவள்.

“அது என் பொண்டாட்டி நாற்காலி, பன்ஸ்.”

“புத்தகத்துல அவங்களுக்குப் புருஷனே இல்லையேப்பா. நீ யாரு?”

நான் யார்? எனக்கு வந்த கோபத்தில் தொப்பியை அவன் கடையிலேயே விட்டுவிட்டு வந்தேன். திரும்பப் போய் வாங்குவதாக இல்லை. புதுத் தொப்பி வாங்கிக்கொள்வேன்.

ஆகஸ்ட் 12

திருவிழா. யாரும் வருவதற்கு முன்பே போய் ஹெஸ்டரின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

“உசுரோட இருக்கறவங்க எல்லாம் வெளிய போகணும்!” என்று பன்ஸ் கத்தினான். நான் நகரவில்லை. கடைசியில் செத்தவர்கள் நான்கு பேர் ஆளுக்கொரு காலாக நாற்காலியைப் பிடித்து, என்னோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு போய்ப் புல்லில் வைத்தார்கள். வாசகர்கள் கைதட்டினார்கள். நிகழ்ச்சியில் இதுவும் ஒன்று என்று நினைத்துவிட்டார்கள் போல.

மாலை வரை புல்லிலேயே உட்கார்ந்திருந்தேன். நாற்காலியை விட்டால்தானே டொரீனுக்கு? அவள் தண்ணீர் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தாள். எனக்கு ஒரு கோப்பை தேநீர் அனுப்பினாள். அதைக் குடித்தேன்.

ஆகஸ்ட் 13

வெரிட்டி தானே வந்தாள்.

“அச்சடிச்சதை மாத்த மாட்டோம்னு பதிப்பகத்துல சொல்லிட்டாங்க. ஒரே வழிதான் இருக்கு. அடுத்த புத்தகத்துல உங்களைக் கொன்னுடறேன். செத்தது யாருன்னு போலீஸ் கேக்கும்ல? ஹெஸ்டரோட புருஷன்னு சொல்லித்தானே ஆகணும்?”

யோசித்துப் பார்த்தேன். நியாயமாகத்தான் பட்டது. சம்மதித்தேன்.

செப்டம்பர் 2

ஏணியிலிருந்து விழுந்து சாகிறேனாம். என் ஏணி வழுக்காது என்று சொல்லிவிட்டேன். அடியில் ரப்பர் அடித்தது நான்.

செப்டம்பர் 10

தேனீ கொட்டியாம். முப்பது வருடம் பேருந்து ஓட்டியவன் நான். ஜன்னல் வழியே புகுந்த தேனீக்கள் கொட்டாத இடமில்லை. வீங்கும். சாகமாட்டேன். நூலகத்தில் உட்கார்ந்து ஒவ்வாமை பற்றி இருந்த புத்தகங்கள் அனைத்தையும் படித்துவிட்டுத்தான் இதை அவளிடம் சொன்னேன்.

செப்டம்பர் 21

சீமைச் சோம்பு கேக்கில் விஷம்.

“சீமைச் சோம்பு கேக்கை நான் தொடமாட்டேன். ஊருக்கே தெரியும். கல்யாணமான நாள்லேருந்து ஹெஸ்டர் செஞ்சு செஞ்சு பாத்தா. நான் ஒரு துணுக்குக்கூட வாயில வெச்சதில்ல.”

வெரிட்டி பேனாவை மேசையில் எறிந்தாள். “இத்தனை பேரைக் கொன்னிருக்கேன் மிஸ்டர் கட்ஃபர்த். சாகவே மாட்டேன்னு அடம்பிடிக்கற பிணத்த இப்பத்தான் பாக்கறேன்!”

சரியானதைச் சொன்னால் அடமா?

செப்டம்பர் 30

கூப்பிட்டு அனுப்பினாள். எழுதியதைப் படித்தாள். முதல் வரி: ‘ஹெஸ்டரின் கணவர் ஆல்பன் கட்ஃபர்த், தம் சமையலறை மேசையில் தலை சாய்ந்து இறந்து கிடந்தார்.’ பக்கத்தில் அதே சீமைச் சோம்பு கேக். ஒரு துண்டு குறைந்திருக்கிறது.

நான் வாயைத் திறந்தேன். “முழுசாக் கேளுங்க” என்றாள்.

பாதிரியாரின் விதவைக்கும் இதே சந்தேகம். அந்தக் கேக்கை ஜென்மத்தில் தொடாத மனிதன் ஏன் சாப்பிட்டான்? அந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் முழுக்கதையும் போகிறது. கடைசியில் வாத்து குப்பையைக் கிளறி ஒரு சீட்டை இழுத்து வருகிறது. ‘இது ஹெஸ்டர் செய்முறையில் செய்தது, இன்று அவள் பிறந்தநாள்’ என்று யாரோ எழுதி, கேக்கோடு வைத்த சீட்டு.

வெரிட்டி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். “சொல்லுங்க. அப்படி ஒரு சீட்டு வந்தா சாப்பிடுவீங்களா, மாட்டீங்களா?”

கொலைகாரன் யார் என்று நான் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அக்டோபர் 1

சாப்பிடுவேன் என்று போய்ச் சொன்னேன். உடனே கதவை நோக்கித் திரும்பிவிட்டேன்.

மறு வருடம், ஆகஸ்ட் 10

புத்தகம் வந்துவிட்டது. முதல் பக்கத்தைக் கசாப்புக்கடையில் பன்ஸின் மூக்குக்கு நேரே நீட்டினேன். படித்துவிட்டு, “ஆழ்ந்த அனுதாபம்” என்றான். உள்ளே போய் என் பழைய தொப்பியைக் கொண்டுவந்து கொடுத்தான். தூசி தட்டி வைத்திருக்கிறான்.

நாளை மறுநாள் திருவிழா. ஆக வேண்டியவை:

வெரிட்டி: பதினான்காவது புத்தகம் மறுபடி அச்சுக்குப் போகும்போது ‘கன்னிக் கிழவி’ போக வேண்டும். ஒவ்வொரு திங்கட்கிழமையும் போய் நினைவுபடுத்துவேன்.

பன்ஸ்: எனக்கு நாற்காலி ஹெஸ்டருடையதற்குப் பக்கத்தில். அவளுடையதில் அல்ல. அது காலியாகவே இருக்கட்டும். டொரீனுக்குத் தேவாலயத்திலிருந்து ஒரு நல்ல நாற்காலி கொண்டுவர வேண்டும்; மறுபடியும் வாளிமேல் உட்காரவிடக் கூடாது.

டொரீன்: சீமைச் சோம்பு கேக் செய்துவர வேண்டும். செய்முறை எங்கள் வீட்டு மாவு டப்பாவுக்குள், ஹெஸ்டர் கையெழுத்தில் இருக்கிறது, வந்து எடுத்துக்கொள்ளலாம். சோம்பைக் குறைக்கக் கூடாது.

நான்: கருப்புக் கோட்டைத் தேய்க்க வேண்டும். மூன்று மணிக்கு மற்ற செத்தவர்களோடு போய் உட்கார வேண்டும். ஒரு துண்டு சாப்பிட வேண்டும்.

ஒன்றுதான். இரண்டாவது துண்டுக்கு யாரும் வற்புறுத்தக் கூடாது.