மூன்றாம் வரிசைச் சுவர்

இன்று காலை குற்றாலத்தில் ஒரு பழைய விடுதியின் பின்பக்க அறைகளை இடித்தோம். மேற்பார்வை என்னுடையது. ஐப்பசி மழையில் ஊறிக் கிடந்த சுவர் என்பதால் சரிந்தபோது புழுதி பறக்கவில்லை. மண் சாந்தும் பூஞ்சையும் கலந்த ஈர வாசனைதான் மேலே வந்தது. "என்ன இப்பிடி வீச்சம் அடிக்குது மேடம்" என்று கொத்தனார் துண்டால் மூக்கை மூடிக்கொண்டார். நான் குடையைக்கூட எடுக்காமல் சாலைக்கு வந்து நின்றுவிட்டேன். உன்னை வெளியே எடுத்த அன்று என் சேலையில் ஏறிய வாசனை அது. எத்தனை முறை அலசியும் அந்தச் சேலையை விட்டு அது போகவில்லை.

அதனால்தான் எழுதுகிறேன். உனக்கு நடந்ததை உனக்கே சொல்வது விசித்திரம்தான். ஆனால் கடைசிப் பகுதி உனக்குத் தெரியாது. யாராவது உனக்குச் சொல்ல வேண்டும்.

கடையம் போகும் பேருந்தின் ஜன்னல் வழியாக மட்டுமே அதுவரை உங்கள் இலங்கை அகதிகள் முகாமைப் பார்த்திருந்தேன். வெளிநாட்டு உதவியில் நடக்கும் ஒரு தொண்டு நிறுவனம், முகாம் வீடுகளைப் பலப்படுத்தித் தர என்னை வேலைக்கு எடுத்தது. முதல் நாள் போனபோது நீ வாசலில் நின்றாய். பெண்கள் குழுவின் தலைவி என்று சொன்னார்கள்.

"நீங்கள்தான் இஞ்சினியரோ?" என்று கேட்டாய். "ஆம்பிளை ஒராள் வருவார் எண்டு நினைச்சம்."

உட்காரக்கூடச் சொல்லவில்லை. நேராக மூன்றாம் வரிசைக்கு அழைத்துப் போனாய். "இதைப் பாருங்கோ. மற்றதெல்லாம் பிறகு."

நான்கு வரிசைகள். ஒவ்வொன்றிலும் ஒற்றை அறை வீடுகள், முதுகோடு முதுகு ஒட்டி, ஒரே நீளச் சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு நின்றன. மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. படகில் வந்து இறங்கிய சனத்துக்கு அவசரமாகக் கட்டியவை. ஊர் அமைதியானதும் போய்விடுவார்கள் என்று கட்டியது. நீ மன்னாரிலிருந்து உன் அம்மாவின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தபோது உனக்கு எட்டு வயது. உன் மகள் நிரோஜா பிறந்ததும் அதே வீட்டில். அவள் இப்போது நர்சிங் படிக்கிறாள். தற்காலிகம் என்ற சொல்லுக்குள் இரண்டு தலைமுறை வாழ்ந்துவிட்டது.

நடுச்சுவரில் என் உள்ளங்கையை வைத்தேன். நெற்றியைச் சுருக்கியிருப்பேன் போல. நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். "பொய் சொல்லி நித்திரையாக்காதேங்கோ. எப்பிடி இருக்கு?" என்றாய். "மோசமாத்தான் இருக்கு" என்றேன். உன் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அப்படி ஒரு பதிலுக்கு அப்படி ஒரு நிம்மதியை நான் பார்த்ததில்லை. அதுவரை வந்தவர்கள் எல்லோரும் பார்த்துக்கொள்ளலாம் என்றே சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

நாம் ஒரே வயது. கொஞ்ச நாளிலேயே உன் பேச்சில் 'ங்கோ' போய், 'ஜெயா' என்று என் பெயர் வந்துவிட்டது. தென்காசிச் சந்தையில் எங்களைப் போலவே பேசுவாய். "என்ன அண்ணாச்சி, கத்திரிக்கா இந்த வெல சொல்லுதிய" என்று நீ கேட்டால் கடைக்காரர் உன்னை ஆலங்குளத்துக்காரி என்று நினைப்பார். முகாம் வாசலைத் தாண்டியதும் வேறு தமிழ். எந்தத் தமிழில் கனவு காண்பாய் என்று ஒருநாள் கேட்டேன். "கனவில ஆரும் கதைக்கிறேல்ல. தண்ணிதான் வரும்" என்றாய். பிறகு அதைப் பற்றி நான் கேட்கவில்லை.

வேலை தொடங்கியதும் பக்கத்துத் தெருவிலிருந்து பேச்சித்தாய் வந்து சண்டை போட்டது நினைவிருக்கிறதா? வயல் வேலைக்குப் போகிறவள். முழங்கால் வரை சேறோடு வந்து நின்றாள். "எங்க வீடுந்தான் ஒழுகுது. வெளிநாட்டுக்காரன் உங்களுக்குக் குடுக்கான். எங்களுக்கு எவன் குடுக்கான்?" என்றாள். நான் ஏதோ விளக்கப் போனேன். நீ என் கையைப் பிடித்து நிறுத்தினாய். "அவ கேக்கிறது சரிதானே" என்றாய். அன்று மாலையே நிறுவனத்தின் தென்காசி அலுவலகத்துக்குப் போனோம். முகாமுக்குப் போடும் வடிகாலைப் பேச்சித்தாய் தெரு வரைக்கும் நீட்ட வேண்டும் என்று நீ ஒற்றைக்காலில் நின்றாய். நீட்டினார்கள். அதற்குப் பிறகு அவள் முகாம் வழியாகப் போகும்போதெல்லாம் ஒரு கட்டுக் கீரையை உன் வாசலில் போட்டுவிட்டுப் போவாள்.

முதல் இரண்டு வரிசைகளை முடித்தோம். மூலைகளில் கான்கிரீட் தூண், சுவர்களை இறுக்கிப் பிடிக்க மேலே சுற்றிலும் கான்கிரீட் பட்டை, புதுக் கூரை. மோசமான வரிசையை முதலில் எடுக்காததற்குக் காரணம், அந்தச் சனத்தை முடிந்த வீடுகளில் தங்கவைத்துவிட்டுத்தான் அதில் கை வைக்க முடியும் என்பதுதான். மூன்றாம் வரிசையில் தூணுக்காக அஸ்திவாரத்தை ஒட்டிக் குழிகள் தோண்டினோம். கம்பி கட்டக் காத்திருந்த மதியத்தில் தொலைபேசி வந்தது. வேலையை நிறுத்தச் சொன்னார்கள். ஏன் என்று கேட்டேன். பணம் தரும் நாடு நிறுத்திவிட்டது என்றார் அலுவலக மேலாளர்.

மறுநாள் அலுவலகத்தில் கணினித் திரையில் அந்த வெள்ளைக்காரப் பெண் வந்தாள். பணம் தரும் நாட்டிலிருந்து உதவித் திட்டத்தைக் கவனித்தவள். கண் சிவந்திருந்தது. அவள் நாட்டின் அரசாங்கம் வெளிநாட்டு உதவியைக் குறைத்துவிட்டது என்றாள். மேலாளர் தமிழில் சொல்லச் சொல்ல நீ அசையாமல் கேட்டாய். பிறகு கேட்டாய்: "எங்களைவிடக் கஷ்டப்பட்ட சனம் எங்கயும் இருக்குதோ? அவைக்குக் குடுக்கப் போகினமோ?"

அவள் சொன்னாள். ஆப்பிரிக்காவில் ஓர் ஏழை நாட்டின் எல்லையில் பாலைவனத்தைக் கடந்து வந்த சனம் மரத்தடியில் கிடக்கிறதாம். அந்த நாட்டுக்காரர்களுக்கே தண்ணீர் இல்லையாம். இருந்தும் இடம் கொடுத்திருக்கிறார்களாம்.

"அப்ப அங்க குடுக்கட்டும். எங்களுக்குப் பிறகு பாக்கலாம்" என்றாய்.

மேலாளர் மொழிபெயர்த்தார். அவள் தலையை ஆட்டினாள். அங்கேயும் நிறுத்தியாகிவிட்டது. அங்கே முதலில் நின்றது அரிசியும் மருந்தும்.

"அப்ப அந்தக் காசு எங்க போகுது?" என்றாய்.

வெளியே வந்ததும் குற்றாலம் போவோம் என்றாய். இத்தனை வருடம் பக்கத்தில் இருந்தும் நீ போனது குறைவு. ஊரில் பளீரென்று வெயில். பேருந்தை விட்டு இறங்கினால் மெயின் அருவியில் குளிக்கத் தடை போட்டிருந்தார்கள். கயிறு கட்டி, போலீஸ்காரர் விசில் ஊதிக்கொண்டிருந்தார். அருவி செம்மண் நிறத்தில், கிளையும் இலையுமாக, பாறையைவிட்டுத் தள்ளி வந்து விழுந்தது. பேசினால் கேட்காத இரைச்சல்.

"இஞ்ச வெயில் எறிக்குது. இவ்வளவு தண்ணி எங்க இருந்து?" என்று என் காதருகே கேட்டாய்.

"மேல மழை பெய்யுது. கீழ நிக்கிறவளுக்குத் தெரியாது. திடீர்னு வந்துரும்" என்றேன்.

"எங்களுக்கும் அப்பிடித்தான்" என்றாய். சிப்ஸ் வாங்கித் தந்தேன். பொட்டலத்தைப் பிரிக்காமலே மகளுக்கென்று பையில் வைத்துக்கொண்டாய்.

வேலை நின்றதால், முடிந்த வீடுகளில் ஒண்டியிருந்த மூன்றாம் வரிசைச் சனம் தங்கள் வீடுகளுக்கே திரும்பியது. குழிகளைத் திறந்தபடி விட முடியாது. முகாம் ஆண்கள் பெயிண்டிங் வேலை முடிந்து வந்து மண்வெட்டி எடுத்தார்கள். நீயும் நானும் சட்டி சுமந்தோம். மூடினோம், திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கினோம். ஆனாலும் ஒருமுறை கிளறிய மண் பழையபடி ஆகாது. நடுச்சுவரில் ஏற்கெனவே இருந்த விரிசலின் குறுக்கே சிமெண்டு வைத்து மெல்லிய கண்ணாடித் துண்டுகளை ஒட்டினேன். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும், அதுதான் கணக்கு. தினமும் காலையில் நீ போய்ப் பார்த்தாய். பிள்ளைகள் தொடாமல் விரட்டினாய். ஒருநாள் நான் அலுவலகத்தில் பொருட்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது போன் செய்தாய்.

"கண்ணாடி வெடிச்சிட்டுது ஜெயா."

"எத்தன?"

"எல்லாம்."

அதற்குப் பிறகு நாம் ஏறாத அரசு அலுவலகம் இல்லை. அரசு கட்டித்தரும் புது வீடுகள் உங்கள் முகாமுக்கும் வரும், நிதி வந்ததும் தொடங்கும் என்று எல்லா இடத்திலும் மரியாதையாகவே சொன்னார்கள். வேறு முகாம்களில் கட்டி முடித்திருந்த வீடுகளின் படங்களைக்கூடக் காட்டினார்கள். நல்ல வீடுகள். "இது எங்களுக்கும் வரும். மழைக்கு முன்னமோ பின்னமோ, அதுதான் தெரியேல்ல" என்று படியிறங்கும்போது சொன்னாய்.

முகாமுக்குள் பிள்ளைகளுக்கென்று இருந்த மாலைப் படிப்பு மையமும் அதே பணத்தில் நடந்ததால் பூட்டிக் கிடந்தது. கெட்டியான கட்டடம். மேலாளரிடம் பேசிச் சாவியை நீ வாங்கினாய். மழை பிடித்தால் மூன்றாம் வரிசைச் சனம் முழுவதும் அங்கே போக வேண்டும் என்று வீடு வீடாகச் சொன்னாய். சிலர் சிரித்தார்கள். இத்தனை மழைக்கு விழாததா என்று கேட்டார்கள். நீ வாதாடவில்லை. உடைந்த கண்ணாடிக்கு முன்னால் ஒவ்வொருவரையும் கூட்டிப் போய் நிறுத்தினாய். பிறகு யாரும் சிரிக்கவில்லை.

போன கார்த்திகையில் அந்த மழை வந்தது. காலையிலேயே அழைத்தாய். "அக்கம்பக்கம் எல்லாம் தண்ணி. சனத்தை ஏத்திறன்." நான் கிளம்பினேன். வழியில் பாலத்தின் மேல் வெள்ளம் போனதால் பேருந்து நின்றுவிட்டது. நடந்தேன். அந்த நேரத்தில் அங்கே நடந்ததை நிரோஜாதான் பிறகு சொன்னாள். எல்லோரையும் மையத்துக்கு அனுப்பிவிட்டாய். தவராசா ஐயா மட்டும் கட்டிலைவிட்டு இறங்க மாட்டேன் என்றாராம். பக்கவாதம் வந்து படுத்தவர். "எனக்கு இனி ஒரு இடமும் வேண்டாம் பிள்ளை, ஒருக்கா ஓடினது போதும்" என்றாராம். நீ அவரோடு பேசிக்கொண்டிருக்கவில்லை. கட்டிலோடு தூக்கச் சொல்லி முன்காலை நீயே பிடித்தாய்.

எல்லோரும் வெளியேறிய பிறகுதான் ஒருவர் கத்தினார், தண்ணீரில் கால் வைத்தால் ஷாக் அடிக்கிறது என்று. முற்றமெல்லாம் தண்ணீர். மையத்துக்குள் இன்னும் நுழையாத பிள்ளைகள் அதில் நின்றுகொண்டிருந்தார்கள். மூன்றாம் வரிசையின் மெயின் சுவிட்ச் அந்த நடுச்சுவரின் கோடியில் இருந்தது. நிரோஜா உன் கையைப் பிடித்தாளாம். "அம்மா, வேண்டாம்." நீ ஒரு காய்ந்த பலகையை எடுத்துக்கொண்டு, சுவரை ஒட்டிய படி வழியாகப் போனாய். "வாறன்" என்று மட்டும் சொன்னாயாம்.

விளக்குகள் அணைந்ததை எல்லோரும் பார்த்தார்கள். அதற்குப் பிறகுதான் சுவர் போனது. சத்தம் அதிகம் இல்லையாம். மழையில் நனைந்த மூட்டையைக் கீழே போட்டதுபோல இருந்ததாம்.

நான் வந்து சேர்ந்தபோது கையால் தோண்டிக்கொண்டிருந்தார்கள். நானும் தோண்டினேன். பேச்சித்தாய் தன் வீட்டு ஆட்களோடு கடப்பாரை கொண்டு வந்திருந்தாள். "ஏட்டி, எந்திரிட்டி, எந்திரிட்டி" என்று மண்ணைப் பார்த்துப் பேசிக்கொண்டே கல்லைப் புரட்டினாள். உன் கை முதலில் தெரிந்தது. உடம்பில் இன்னும் சூடு இருந்தது. ஆம்புலன்ஸ் பாலத்துக்கு அந்தப் பக்கம் நின்றது. கட்டிலில் வைத்துத் தூக்கிப் போனோம், தவராசா ஐயாவைத் தூக்கிய அதே கட்டில். தென்காசி ஆஸ்பத்திரியில் டாக்டர் எங்களைப் பார்த்துத் தலையசைத்தபோது நிரோஜா அழவில்லை. "ஆருக்கும் ஷாக் அடிக்கேல்லத்தானே?" என்று என்னிடம் கேட்டாள். இல்லை என்றேன். அதை உனக்கும் சொல்கிறேன். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நீ சுவிட்சை அணைத்துவிட்டாய்.

மிச்சமும் கேள். மழை விடும்வரை பேச்சித்தாய் தெருவிலிருந்துதான் மையத்துக்குச் சோறு வந்தது. அதிகாரிகள் வந்தார்கள், வருந்தினார்கள், தகரக் கொட்டகைகள் போட்டார்கள். புது வீட்டுக்கு அளந்து கல் நட்டிருக்கிறார்கள். அந்த வெள்ளைக்காரப் பெண் ஒருநாள் தன் சொந்தத் தொலைபேசியிலிருந்து பேசினாள். அவளுக்கும் வேலை போய்விட்டதாம். அந்தப் பாலைவன எல்லையிலிருந்து யாரும் இப்போது அவளுக்கு எதுவும் சொல்வதில்லையாம். அங்கே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளும் ஆட்களையும் சேர்த்துத்தான் நிறுத்தியிருக்கிறார்கள்.

இன்று விடுதி வேலையைக் கொத்தனாரிடம் விட்டுவிட்டு நேராக முகாமுக்குப் போனேன். நான்காம் வரிசை அப்படியே நிற்கிறது. அதில் வடக்கு ஓரமாய் ஒரு விரிசல் புதிதாகக் கண்ணில் பட்டது. விரல் நுனி உள்ளே போனது. அந்த வீட்டில் சுகந்தி என்று ஒரு பெண், பிள்ளை பெற்று இன்னும் மாதம் ஆகவில்லை. சுவரை ஒட்டித்தான் பாய் விரித்திருந்தாள்.

"இங்கன இருக்காத. மையத்துக்குப் போயிரு" என்றேன்.

"இருக்கிற வீட்டை விட்டிட்டு எத்தனை நாளைக்கு அக்கா அங்க கிடக்கிறது? மழை இன்னும் பிடிக்கேல்லத்தானே."

நான் மேற்கே பார்த்தேன். மலை இருக்கும் இடத்தில் மலை இல்லை. அடிவாரம் வரைக்கும் கறுத்து மூடியிருந்தது. முகாமின் மேல் மட்டும் கொஞ்சம் வெயில் இருந்தது.

நீயாக இருந்தால் அவளோடு பேசிக்கொண்டிருக்க மாட்டாய். குனிந்து அந்தப் பிள்ளையைத் துணியோடு தூக்கினேன். அது கண்ணைத் திறக்காமலே என் கழுத்தோரம் முகத்தை வைத்துக்கொண்டது. நான் திரும்பிப் பார்க்காமல் மையத்தை நோக்கி நடந்தேன். கொஞ்ச தூரம் போன பிறகு, பாயைச் சுருட்டும் சத்தமும், பின்னால் அவள் செருப்புச் சத்தமும் கேட்டன.