நிருபரைப் படைத்தவள்

அவர் படத்துக்குச் சாத்தியிருந்த மல்லிகை மாலையின் வாசனை இன்னும் என் புடவையில் இருக்கிறது. இன்று மாலை மயிலாப்பூரில் இரங்கல் கூட்டம். துப்பறியும் நிருபர் நாடகத்தைத் தயாரித்தாரே, நம் தி. நகர் முதலாளி, அவருக்குத்தான். உன்னிடம் சொல்லாமல் எப்படித் தூங்குவேன்?

எழுபதுகளில் ஞாயிறு மத்தியானம் ரேடியோவில் அந்த நாடகம் தொடங்கினால் மேற்கு மாம்பலத்தில் எங்கள் தெருவே கை வேலையை நிறுத்திவிட்டுக் கேட்கும். சாந்தோம் பள்ளியில் பாடம் நடத்திவிட்டு வந்து, பரீட்சைத் தாள்களைத் தள்ளி வைத்து அதை எழுதியவள் நீ. நிருபருக்கு உதவும் டைப்பிஸ்டாகக் குரல் கொடுத்தவள் நான். ‘எழுதியவர்’ என்று வாராவாரம் வந்தது அவர் பெயர்.

ஒருநாள் என்னையும் அழைத்துக்கொண்டு அவர் வீட்டுக்கே போய்க் கேட்டாய்.

“பொம்பள பேரைப் போட்டா மர்ம நாடகம்னு எவன் நம்புவான்? நீ பாட்டுக்கு எழுதிக்கினு இரும்மா.”

காப்பி கொண்டுவந்த அவர் மனைவி தலையைக் குனிந்துகொண்டார். பஸ் ஸ்டாப்பில் நீ சொன்னாய்: “இதை அவர் வாயாலயே ஊருக்குச் சொல்ல வெக்கிறேன், பாருடி.”

வைத்தாய். ஏழைப் பெண் கட்டிய பாட்டுகளைத் திருடும் வித்வானை நிருபர் பிடிப்பதாகக் கதை எழுதினாய். வில்லன் வேஷம் என்றால் அவருக்கு உயிர், தானே பேசினார். உன்னிடம் சொன்ன அதே வார்த்தைகள், ‘மர்ம நாடகம்’ வந்த இடத்தில் மட்டும் ‘கீர்த்தனை’. சொன்னதையே மறந்துபோன மனிதர் ரசித்து ரசித்துப் பேசினார். ஸ்டூடியோவில் நாம் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

ஒலிபரப்பைக் கேட்ட அவர் மனைவிக்குப் புரிந்துவிட்டது. உன் வீட்டுக்கே வந்தார். “நான் அவரோட பேசறதில்ல, டீச்சர். உங்க பேர் வந்தாத்தான் பேசுவேன்.”

அடுத்த ஞாயிறு உன் பெயர் வந்தது. அந்த ஒரு முறைதான். பிறகு முதலாளி நாடகத்தையே நிறுத்திவிட்டார்; நம்மை யாரும் கூப்பிடவுமில்லை. “ஒரு தடவ வந்துச்சில்ல, போதும்டி” என்றாய். எனக்குப் போதவில்லை.

இன்று மேடையில் அவரை ‘நிருபரைப் படைத்த மேதை’ என்றார்கள். பழைய நடிகை என்று என்னையும் பேச அழைத்தார்கள்.

“அந்த நிருபரை இவர் படைக்கல. படைச்சவ பேரைச் சொல்றேன், கேட்டுக்குங்க.”

உன் பெயரைச் சொன்னேன். அவர் மகன் ஓடிவந்து மைக்கை அணைத்தான். ரேடியோவில் பழகிய குரலுக்கு மைக் எதற்கு? கடைசி வரிசைவரை கேட்கும்படி மறுபடி சொன்னேன்.

வீடு வந்து சேர்ந்தும் ஆறவில்லை. இன்னும் இரண்டு வார்த்தை கேட்டிருக்கலாமே என்கிற ஆத்திரம். நீ அவரை மன்னித்துவிட்டாய். அந்தக் கணக்கில் என்னைச் சேர்க்காதே.