ஜன்னல் அளவு

அன்புத் தங்கைக்கு,

அக்கா எழுதுகிறேன். நீயும் வாண்டும் நலந்தானா என்று விசாரிப்பதற்கு முன்னால் ஒன்று சொல்கிறேன். உன் கைபேசியை அணைத்து ஓர் ஓரமாக வைத்துவிட்டு, உட்கார்ந்து இதைப் படி. வக்கீல் அம்மாவின் கையில் கொடுத்து அனுப்புகிறேன். நீ இருக்கும் ஊர் தெரிந்தவர் அவர் ஒருவர்தானே. பில் எழுதவே சோம்பல்படுகிறவள் காகிதத்தையும் பேனாவையும் எடுத்தால் ஏதோ இருக்கிறது என்று உனக்கே புரிந்திருக்கும்.

இங்கே எல்லாம் வழக்கம்போல. ஒரு மருத்துவமனைக்கு அறுபது திரைகள் தைத்து முடித்தோம். எல்லாம் ஒரே வெளிர் நீலம். கண்ணை மூடினாலும் அதே நீலம்தான் தெரிந்தது. முதுகு மட்டும் என்னோடு பேச்சுவார்த்தையை நிறுத்திவிட்டது. மற்றபடி நன்றாக இருக்கிறேன்.

உன் ஜன்னல் படம் வந்த நாளிலிருந்து நான் பாதி நேரம் அந்த ஜன்னலில்தான் இருக்கிறேன். மதியம் தையல் அறையில் வெயில் சாய்ந்து வரும்போது, கம்பியில் தொங்கும் துணிகள் எல்லாம் லேசாக மூச்சு விடுவதுபோல அசையும். அந்த நேரத்தில் மெஷினை நிறுத்திவிட்டு உன் அறைக்கு வந்துவிடுவேன். வாண்டு கீழ்க்கம்பியில் ஏறி நின்று எதிரே இருக்கும் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கிறாள். நீ அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருக்கிறாய். உன் முகத்தில் எந்த வீக்கமும் இல்லை. நான் சுவரில் சாய்ந்து நிற்கிறேன். அந்த அறையில் ஒரு சின்ன சத்தம்கூட யாரையும் திடுக்கிட வைப்பதில்லை. எவ்வளவு நேரம் அப்படி இருப்பேன் என்று தெரியாது. உதவிக்கு இருக்கும் அம்மா வந்து தோளைத் தொட்டு, "எங்க போயிட்டீங்க?" என்று கேட்பார். பக்கத்தில்தான் என்பேன்.

உனக்காக வெட்டிய துணி இளம்பச்சை. ஜன்னல் அகலத்தைப்போல இரண்டு பங்கு எடுத்து, நல்ல சுருக்கம் வைத்து, மேல் பட்டியைத் தைத்துத் தொங்கவிட்டிருந்தேன். அதற்குக் கீழே நின்றால் தண்ணீருக்குள் நிற்பதுபோல இருக்கும்.

சனிக்கிழமை காலை அதன் கீழே உன் வீட்டுக்காரர் வந்து நின்றார்.

பழக்க தோஷத்தில் "வாங்க மாப்பிள்ளை" என்று என் வாயிலேயே வந்துவிட்டது. அந்த வாயை அப்புறம் நன்றாகத் திட்டிக்கொண்டேன். சட்டை மடிப்புக் கலையாமல், சிரித்த முகமாக, உங்கள் வீட்டில் கிடந்த பழைய டேப்லெட்டைக் கையில் வைத்திருந்தார். ஒரு ஜன்னலுக்குத் திரை வேண்டும் என்றார். படத்தைக் காட்டினார்.

உன் ஜன்னல். நான் கொடுத்த மஞ்சள் அளவு நாடா. அதைப் பிடித்திருக்கும் உன் கை. எதிரே அந்தத் தண்ணீர்த் தொட்டி, துருப்பிடித்த ஏணி, ஒரு பல் மருத்துவரின் பாதிப் பெயர்ப்பலகை. எனக்குக் கனவுக்குள் யாரோ செருப்புக் காலோடு நுழைந்துவிட்டதுபோல இருந்தது. என் முகம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருக்கும். அளவு நாடாவைப் பிடித்து ஜன்னலைப் படம் எடுக்கிறவள் யாருக்காக எடுப்பாள் என்று ஊகிக்க அப்படியொன்றும் பெரிய மூளை வேண்டியதில்லை.

மேலே தொங்கிய துணிகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இளம்பச்சையைத் தொட்டு இதுவே இருக்கட்டும் என்றார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "அளவெல்லாம் படத்துலயே இருக்குக்கா. தச்சு வைங்க. நானே கொண்டுபோய் மாட்டிக்கிறேன்."

தொழில் என்னைக் கைவிடவில்லை. துணி தொங்கித் தொங்கி நீளம் இறங்கிய பிறகுதான் கீழ் மடிப்பு அடிக்க முடியும், எட்டு நாள் ஆகும் என்றேன். இரண்டு நாள் போதும் என்பது உனக்கும் எனக்கும் தெரியும், அவருக்குத் தெரியாது. அடுத்த ஞாயிறு வருகிறேன் என்று போய்விட்டார். இன்று செவ்வாய்.

நீ என்னிடம் எவ்வளவு தைரியமாகச் சொன்னாய். "விபிஎன் போட்டிருக்கேன்க்கா, நான் எங்க இருக்கேன்னு ஒரு ஈ காக்காகூடக் கண்டுபிடிக்க முடியாது" என்று. நானும் நிம்மதியாகத் தலையாட்டினேன். இரண்டு பேருக்கும் தெரிந்தது அவ்வளவுதான்.

அந்தச் சனிக்கிழமை மதியமே நம் தெருமுனையில் கைபேசி பழுது பார்க்கும் அம்மாவிடம் ஓடினேன். அவர் கடைக்கும் நான்தான் திரை தைத்தேன். யாருக்கு என்று சொல்லாமல் எல்லாவற்றையும் கேட்டேன். விபிஎன் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது என்றார். கணக்கில் யார் எங்கிருந்து நுழைந்தார் என்ற பட்டியலில் உன் பெயருக்கு நேரே கடல் தாண்டி ஏதோ ஓர் ஊர்தான் இருந்திருக்கும். கடையில் நின்றபோது உன் வீட்டுக்காரரும் அதைச் சொல்லிச் சிரித்தார். ஆனால் நீ எடுத்த படம், கல்யாணமான புதிதில் அவர் திறந்து கொடுத்த அந்தக் குடும்பக் கணக்குக்குத் தானாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. எந்த வழியாகப் போனாலும் போய்ச் சேர்ந்தது அவர் வீட்டுக்குத்தான்.

எனக்குப் புரியும்படி அந்த அம்மா என் தொழிலை வைத்தே சொன்னார். திரை தெருவில் போகிறவர் கண்ணைத்தான் மறைக்கும், வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பவர் கண்ணை எப்படி மறைக்கும் என்று கேட்டார். நீ என்ன பார்க்கிறாய் என்பது இணையம் கொடுக்கும் கம்பெனிக்குத் தெரியாது, எந்த ஊரிலிருந்து பார்க்கிறாய் என்பது நீ போகும் தளத்துக்குத் தெரியாது, அவ்வளவுதான் அதன் எல்லை. உன் பெயரிலேயே கணக்கைத் திறந்து உள்ளே போனால் நீ யார் என்று நீயே சொல்லிவிட்டாய். கைபேசி தானாகக் காட்டும் இருப்பிடத்தையும் அது மறைக்காது. படத்தோடு இடம் பதியும் வசதியை நீ முன்பே அணைத்து வைத்திருந்தாய் போல. அந்தப் புண்ணியத்தால்தான் உன் வீட்டுக்காரர் என் கடைக்கு வந்தார். இல்லையென்றால் நேராக உன் கதவைத் தட்டியிருப்பார். இப்போது அந்தத் தண்ணீர்த் தொட்டியையும் பாதிப் பெயர்ப்பலகையையும் வைத்துத் தேடிக்கொண்டிருப்பார்.

நீ போட்டிருப்பது இலவச விபிஎன் என்றதும் அந்த அம்மாவுக்குக் கோபமே வந்துவிட்டது. உன் போக்குவரத்து எல்லாம் அந்தக் கம்பெனி வழியாகத்தானே போகிறது, சும்மா கொடுக்கிறவன் எதை விற்றுச் சாப்பிடுகிறான் என்று யோசிக்க வேண்டாமா என்றார். நல்ல பெயர் உள்ள, பதிவு எதையும் சேர்த்து வைக்காத கம்பெனியாகப் பார்க்கச் சொன்னார். விபிஎன் இணைப்பு நடுவில் அறுந்தால் இணையத்தையே நிறுத்தும் ஒரு வசதி உண்டாம், அதையும் போட்டு வைக்க வேண்டுமாம். இதெல்லாம் பிறகு.

இப்போது செய்ய வேண்டியதை நன்றாகக் கேள். ஆத்திரத்தில் அந்தக் கணக்கை உடனே அழித்துவிடாதே. அழித்த நிமிடமே நான் சொல்லிவிட்டேன் என்று அவருக்குத் தெரிந்துவிடும், ஞாயிறுவரை காத்திருக்க மாட்டார். முதலில் அந்த அறையை விட்டுப் போ. இன்றே போ. வேறு இடத்துக்கு வக்கீல் அம்மா ஏற்பாடு செய்துவிட்டார். பழைய கைபேசியை அவரிடமே கொடுத்துவிடு, அவர் பார்த்துக்கொள்வார். புதுக் கைபேசி, புது எண், புதுக் கணக்கு. பழைய கடவுச்சொல்லின் வாசனைகூட அதில் இருக்கக் கூடாது. வாண்டின் பள்ளி டேப்லெட்டையும் மறக்காமல் வக்கீல் அம்மாவிடமே கொடுத்துவிடு.

அடி, அந்தப் படத்தைக் கேட்டவள் நான்தான். உன் கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்த அன்று நீ கிளம்பிப் போனாய். நான்கு மாதம் ஊரைக் கேட்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். ஆனால் ஜன்னலில் செய்தித்தாள் ஒட்டியிருக்கிறோம் என்று நீ எழுதியதும் என்னால் தாங்க முடியவில்லை. நாடாவைப் பிடித்து ஒரு படம் எடுத்து அனுப்பு என்று நச்சரித்தேன். ஊர் ஊராகப் போய் மற்றவர் வீட்டு ஜன்னலை மறைத்துக் கொடுக்கிறவள், என் தங்கையின் ஜன்னலைக் கொண்டுபோய் அந்த ஆள் கையில் கொடுத்துவிட்டேன். நீ என்னைத் திட்டமாட்டாய். அதுதான் எனக்கு இன்னும் அழுகையாக வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை அவர் வருவார். திரையைத் தைத்துக் கொடுத்துவிடுவேன். எடுத்துக்கொண்டு போகட்டும். நீ எங்கே என்று கேட்பார். சிரித்தும் கேட்பார், சிரிக்காமலும் கேட்பார். எனக்குப் பொய் சொல்ல வராது. அதனால் எனக்கு உண்மை தெரியாமல் இருக்க வேண்டும். இனிமேல் படம் வேண்டாம். வக்கீல் அம்மா வழியாகக்கூட ஊரின் பெயர், தெருவின் பெயர், ஜன்னலில் என்ன தெரிகிறது என்பது எதுவும் வேண்டாம். நான் கேட்பேன். ஒருநாள் தாங்க முடியாமல் கட்டாயம் கேட்பேன். அப்போதும் சொல்லாதே.

உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளும் பயமில்லாத தூக்கமும் கிடைக்கட்டும். வாண்டுக்கு என் முத்தம், யார் கொடுத்தது என்று சொல்ல வேண்டாம். என் கண்ணே, என்னிடமிருந்தும் ஒளிந்துகொள்.

உன்னையே நினைத்திருக்கும்,
அக்கா