கழுவி வந்த கேரியர்

சல்லடையைத் தேடி மேல் அலமாரிக்குள் கைவிட்டேன். கேரியர் தட்டுப்பட்டது. இறக்கித் திறந்தால், பல மாதங்கள் மூடிக் கிடந்த எவர்சில்வரின் வாடை. அதில் சாப்பாட்டு வாசனையும் இல்லை, சோப்பு வாசனையும் இல்லை. வெளியே கிரிவலத்துக்கு ஆள் இறக்கும் பஸ்களின் ஹாரன் காலையிலிருந்து ஓயவில்லை. இன்று பௌர்ணமி. சல்லடையை மறந்துவிட்டு உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நீங்கள் போன பிறகு உங்களைப் பற்றி நல்லது சொல்ல இந்த வீட்டுக்கு எத்தனையோ பேர் வந்தார்கள். "டி.எஸ்.பி. அய்யா மாதிரி நேர்மையான ஆபீசரை இனிமே பாக்க முடியாதும்மா" என்றார்கள். நானும் தலையாட்டினேன். ஒவ்வொரு முறையும் உள்ளே ஒரே கேள்விதான். அன்று சாயங்காலம் நம் மகனை நீங்கள் பார்த்தீர்களா, இல்லையா?

பௌர்ணமி பந்தோபஸ்துக்கு வீட்டிலிருந்து சாப்பாடு போவது நம் வீட்டு வழக்கம். நீங்கள் பணியில் இருந்தவரை உங்களுக்குப் போனது. நீங்கள் ஓய்வு பெற்று, அருள் எஸ்.ஐ. ஆன பிறகு அவனுக்குப் போனது. கொண்டு போய்க் கொடுத்து, அவன் சாப்பிடும்வரை பக்கத்தில் நின்று, காலி கேரியரோடு திரும்புவது உங்கள் வேலை. ஓய்வு பெற்ற பிறகும் பந்தோபஸ்து பாயின்டில் போய் நிற்க உங்களுக்கு அது ஒரு சாக்கு என்று எனக்குத் தெரியும்.

கேரியரின் ஒவ்வொரு அடுக்கிலும் ஆணியால் புள்ளி குத்தி வைத்திருந்தேன். கீழ் அடுக்குக்கு ஒன்று, மேல் அடுக்குக்கு நான்கு. வரிசை மாறினால் கம்பி சரியாக உட்காராது, குழம்பு ஒழுகும். உங்களுக்கு அதைக் கற்றுக்கொடுக்க எனக்குப் பாதி ஆயுள் போயிற்று. நான் கான்வென்ட்டில் படித்தவள் என்பதற்காகத் திருமணமான புதிதிலேயே எனக்கு 'மதர்' என்று பெயர் வைத்தீர்கள். ஈரத் துண்டு கட்டிலில் கிடந்தால் போதும், "மதர் வர்றாங்க, ஓடுடா!" என்று அருளைக் கிளப்பிவிட்டு நீங்களும் ஓடுவீர்கள். ஆனால் புள்ளி வரிசையைக் கடைசியில் கற்றுக்கொண்டீர்கள். அருள் கற்றுக்கொள்ளவே இல்லை. அவன் சாப்பிட்ட கேரியரைப் பார்த்தாலே தெரியும். மூடியில் கறிவேப்பிலையும் மிளகாயும் ஒதுங்கிக் கிடக்கும், அடுக்குகள் மனம்போன வரிசையில் இருக்கும், கைப்பிடியில் எண்ணெய் இருக்கும்.

ஐப்பசிப் பௌர்ணமி அன்று அவனுக்கு அடிஅண்ணாமலைப் பக்கம் பாயின்ட். வெளிச்சம் இருக்கும்போதே புறப்பட்டீர்கள். வழக்கத்தைவிடத் தாமதமாகத் திரும்பினீர்கள். கேரியரை வாங்கித் திறந்தேன். உள்ளே பளபளவென்றிருந்தது. ஒரு பருக்கை இல்லை, ஒரு கறிவேப்பிலை இல்லை. ஈரம்கூடத் துடைத்து எடுக்கப்பட்டிருந்தது. புள்ளிகள் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று ஒழுங்காக நின்றன.

"யாருங்க இதைக் கழுவினது?"

"அவன்தான்."

"அருளா? குடிச்ச டம்ளரை சிங்க் வரைக்கும் கொண்டு போகாதவன், கேரியர் கழுவினானா?"

"பந்தோபஸ்துல நின்னு நின்னு புத்தி வந்துடுச்சு போல, மதர். வடையில காரம் ஜாஸ்தினு சொன்னான்."

அன்று உங்கள் வயிற்றை நினைத்துக் காரம் கம்மியாகத்தான் போட்டிருந்தேன். பொய் சொல்கிறவன் கேட்காத விவரத்தைச் சேர்த்துச் சொல்வான் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் நீங்கள்தான். அந்த நேரத்தில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. பிள்ளை பாயின்டை விட்டு எங்கோ போயிருக்கிறான், நான் திட்டுவேன் என்று அப்பா மறைக்கிறார், அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் பேப்பரில் சின்னதாக ஒரு செய்தி வந்தது. கீழ்பென்னாத்தூர் சாலையில், இருட்டுகிற நேரத்தில், மொபெட்டில் போன ஒரு விவசாயியை அடையாளம் தெரியாத வாகனம் அடித்துவிட்டுப் போய்விட்டது. ஆள் இறந்துவிட்டார். அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுப் பேப்பரை மடித்து உங்கள் அறைக்கே எடுத்துப் போய்விட்டீர்கள். படித்த பேப்பரை எப்போதும் என் பக்கம் தள்ளிவிடுகிற மனிதர் நீங்கள். நீங்கள் வெளியே போனபோது நானே எடுத்துப் படித்தேன்.

அந்த வாரம் அருளின் வெள்ளைக் கார் வாசலுக்கு வரவில்லை. கேட்டதற்கு, "கியர்ல பிராப்ளம்மா, வேலூர்ல விட்டிருக்கேன்" என்றான். திருவண்ணாமலையில் ஒரு மெக்கானிக்கும் இல்லாததுபோல.

பிறகு இறந்தவரின் தம்பி புகார் கொடுத்தார். போலீஸ் ஸ்டிக்கர் ஒட்டிய வெள்ளைக் கார் ஒன்று வேகமாகப் போனதை யாரோ பார்த்திருக்கிறார்கள். அருளை விசாரித்தார்கள். அவன் பாயின்டிலேயே இருந்ததாகச் சொன்னான். நீங்கள் போய் வாக்குமூலம் கொடுத்தீர்கள். அந்த நேரத்தில் உங்கள் கையால் அவனுக்குச் சாப்பாடு கொடுத்ததாகவும், சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றதாகவும் சொன்னீர்கள். ஓய்வு பெற்ற டி.எஸ்.பி.யின் வார்த்தை. அத்தோடு விசாரணை நின்றுவிட்டது. இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லவில்லை. அருளின் மனைவி தேன்மொழி அன்று ஸ்டேஷனிலிருந்து நேரே இங்கே வந்து, கான்ஸ்டபிள் உடுப்போடு குனிந்து, உங்கள் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். அன்று பண்டிகையும் இல்லை, யாருக்கும் பிறந்தநாளும் இல்லை. எதற்கு என்று அவளைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

பச்சையம்மாள் வந்த நாள் உங்களுக்கு நினைவிருக்கும். இறந்தவரின் மனைவி. கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து, விசாரித்து விசாரித்து நம் வாசலைக் கண்டுபிடித்திருந்தாள். உள்ளே வரச் சொன்னீர்கள். வரவில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டே பேசினாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

"அய்யா, எங்க ஊர்ல ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. நீங்க நேர்மையானவருனும் சொல்றாங்க. அதான் உங்க வாயால கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். உங்க புள்ள அங்கதான் இருந்தாரா? நீங்க கண்ணால பாத்தீங்களா?"

"பார்த்தேம்மா."

"சரிங்கய்யா. நீங்க சொன்னா நான் நம்பிக்கிறேன். எங்க கொழுந்தனாரையும் சும்மா இருக்கச் சொல்லிடறேன்."

அவ்வளவுதான். கும்பிட்டுவிட்டுப் போய்விட்டாள். அவள் சண்டை போட்டிருந்தால், மண்ணை வாரித் தூற்றியிருந்தால் உங்களுக்கு எளிதாக இருந்திருக்கும். கேட்டருகிலேயே நெடுநேரம் நின்றீர்கள். பிறகு செடிக்குத் தண்ணீர் ஊற்றினீர்கள். காலையில்தான் நான் ஊற்றியிருந்தேன்.

அன்றே உங்களைக் கேட்டேன்.

"ஏங்க, அருளை நீங்க பாத்தீங்களா?"

"என்ன மதர், விசாரணையா?"

"கேட்டதுக்குப் பதில்."

"பார்த்தேன்னு எத்தனை பேருக்குச் சொல்றது?"

"எனக்குச் சொல்லுங்க. நான்தானே சமைச்சேன்."

"பார்த்தேன்" என்றீர்கள், ஃபேனைப் பார்த்து. நீங்கள் சொன்னால் நம்புவது என் வழக்கம். அன்று வழக்கத்தை மட்டும் காப்பாற்றினேன்.

அதன்பிறகு அருள் வந்தால் நீங்கள் அவனோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. பசியில்லை என்றீர்கள். அவன் போன பிறகு நின்றபடியே இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டீர்கள். அவனிடம் கோபமா, உங்கள்மீதே கோபமா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். கண்டுபிடிப்பதற்குள் தை மாதம் வந்தது, உங்கள் நெஞ்சு வலியும் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. அருள் முழு மரியாதையோடு உங்களுக்கு எல்லாம் செய்தான். கொள்ளி வைக்கும்போது அவன் கை நடுங்கியதாக வந்தவர்கள் சொல்லி அழுதார்கள். பாசத்தில் நடுங்கியது என்றார்கள்.

சில மாதங்களுக்கு முன் வழக்கை மறுபடி எடுத்தார்கள். பச்சையம்மாளின் கொழுந்தனார் சும்மா இருக்கவில்லை. வெளியூரிலிருந்து ஒரு பெண் அதிகாரியைப் போட்டு, அன்று வீட்டில் இருந்தவள் என்பதால் என்னையும் வேங்கிக்கால் எஸ்.பி. ஆபீசுக்கு வரச் சொன்னார்கள். அதற்கு முதல் நாள் தேன்மொழி வந்தாள். எனக்குப் பிடித்த ரஸ்க் வாங்கி வந்திருந்தாள். ரஸ்க்கைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது.

"அத்தை, ஞாபகம் இல்லைனு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. இந்த வயசுல யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க."

"எனக்கா ஞாபகம் இல்ல?"

"சும்மா சொல்றதுதானே அத்தை."

"நீயும் காக்கி போட்டவதானே. சும்மா சொல்ற சாட்சி வந்தா ஸ்டேஷன்ல என்னம்மா பண்ணுவீங்க?"

அவள் முகம் சிவந்துவிட்டது. "நீங்க சாட்சியைப் பத்திப் பேசறீங்க. நான் என் புருஷனைப் பத்திப் பேசறேன் அத்தை."

"நானும் என் புருஷனைப் பத்தித்தான் பேசறேன்."

ரஸ்க் பையை மட்டும் வைத்துவிட்டுப் போனாள். நல்ல பெண். அவள் இடத்தில் நான் இருந்தால் ரஸ்க்கையும் எடுத்துக்கொண்டு போயிருப்பேன்.

மறுநாள் ஆட்டோவில் போனேன். அந்த அதிகாரிக்கு நம் அருள் வயதுதான் இருக்கும். நாற்காலி கொடுத்தார், ஃபேனைத் திருப்பிவிட்டார். கேரியரைப் பற்றிச் சொன்னேன். புள்ளி வரிசையைச் சொன்னேன். அருள் கழுவியிருந்தால் அந்த வரிசையில் வைத்திருக்க மாட்டான். அருள் சாப்பிட்டிருந்தால் அதை நீங்கள் கழுவ வேண்டிய அவசியமே இல்லை. சாப்பாட்டை வழியில் யாருக்கோ கொடுத்துவிட்டு, அவன் சாப்பிட்ட அடையாளம் இல்லாத பாத்திரம் உங்களைக் காட்டிக்கொடுக்கும் என்று ஏதோ குழாயடியில் நின்று கழுவியிருக்கிறீர்கள். இதையெல்லாம் சொன்னேன். வேலூருக்குப் போன காரைப் பற்றியும் சொன்னேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அம்மா, கேரியரை வெச்சு நான் ஒண்ணும் நிரூபிக்க முடியாது. ஆனா இதை எழுதினா, அய்யா பொய் வாக்குமூலம் கொடுத்தாருன்னு ஆயிடும். யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சுட்டுத்தான் வந்தேன். 'என் கணவர் பொய் சொன்னார்'னே எழுதிக்குங்க. சுத்தி வளைக்காதீங்க."

கையெழுத்துப் போடும்போது என் கை நடுங்கவில்லை. அதில் எனக்குப் பெருமைதான். நீங்கள் இருந்திருந்தால் கேலி செய்திருப்பீர்கள்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் ஒரு சந்தேகம் வந்தது, இன்னும் போகவில்லை. வாழ்நாள் முழுக்கத் தடயம் தேடியவர் நீங்கள். கேரியரைக் கழுவினால் நான் கவனிப்பேன் என்று தெரியாமலா கழுவினீர்கள்? வரிசையையாவது கலைத்து வைத்திருக்கலாம். அது பழக்கத்தில் நடந்த பிழையா? அல்லது, உங்களால் சொல்ல முடியாத ஒன்றைக் கண்டுபிடிக்க எனக்கு விட்டுவைத்தீர்களா? விபத்து நடந்தது அப்போது உங்களுக்குத் தெரிந்திருக்காது, அதனால் இது வீண் கற்பனைதான் என்று எனக்கே பதிலும் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் பாயின்டில் அவனைக் காணாதபோதே உங்களுக்கு ஏதோ பட்டிருக்க வேண்டும். நீங்கள் அப்படிப்பட்டவர்.

அன்று சாயங்காலம் அருள் வந்தான். தொப்பியைக் கழற்றாமலே சோபாவின் நுனியில் உட்கார்ந்தான்.

"சொல்லிட்டியாம்மா?"

"சொல்லிட்டேன்."

"அப்பாவையும் சேத்தா?"

"அப்பாவையும் சேத்துத்தான்."

பிறகு தானாகவே பேசினான். "ஒரு பிரண்டோட தோட்டத்துல பார்ட்டிம்மா. சீக்கிரம் பாயின்டுக்குத் திரும்பணும்னு வேகமா வந்தேன். அப்பா அங்க வந்தப்ப நான் இல்லை. மறுநாள்தான் அவர்கிட்ட எல்லாத்தையும் சொன்னேன். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு. நிறுத்தினியான்னு."

"நீ என்ன சொன்ன?"

"நிறுத்தலைம்மா. கண்ணாடியில பாத்தேன். கை அசைஞ்சுது. நிறுத்தலை."

அப்போதுதான் தொப்பியைக் கழற்றினான். கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டு அழுதான், சின்ன வயதில் அழுகிற மாதிரியே, சத்தமில்லாமல். நாளைக்கு அவனே வேங்கிக்கால் போய் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிடுவதாகச் சொன்னான். போகவும் போனான். இப்போது சஸ்பென்ஷனில் இருக்கிறான், வழக்கு நடக்கிறது. என்ன ஆகும் என்று தெரியவில்லை. தேன்மொழி என்னோடு பேசுவதில்லை, ஆனால் மாதாமாதம் என் பிரஷர் மாத்திரையை ஆள்விட்டு அனுப்பிவிடுகிறாள்.

நான் உங்களுக்குச் சொல்ல வந்தது அந்த அழுகையைப் பற்றி. உங்களோடு இத்தனை வருடம் குடித்தனம் நடத்தியதில் எனக்கு ஒரு பார்வை வந்துவிட்டது. அழுகிறவனைப் பார்த்தால், யாருக்காக அழுகிறான் என்று முதலில் பார்க்கிற பார்வை. செத்துப்போன அந்த மனிதருக்காகவா, அப்பாவுக்காகவா, போகப்போகிற வேலைக்காகவா? பெற்ற மகன் எதிரில் உட்கார்ந்து அழும்போதும் எனக்கு அந்தப் பார்வை மூடிக்கொள்ளவில்லை. அவன் தலைமேல் கையை வைத்தேன். வைத்தபடியே அவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.