நாற்பது நாள் மனிதர்

சேசு மரி சூசை

ஆரணி
4-2-1972

அன்புள்ள அமலோற்பவத்துக்கு,

உன் கடிதமும் நம் ராணியின் கல்யாணப் பத்திரிகையும் ஒரே கவரில் வந்து சேர்ந்தன. என் பெயருக்கு முன்னால் ‘திரு’ போட்டிருக்கிறாய். நெசவாளர் சங்கத்தில் எல்லோரிடமும் காட்டினேன். பாவு சுற்றும் முனுசாமி மட்டும், “இன்னாபா யேசுதாசு, திரு எல்லாம் போட்டுக்கினு கீறாங்க, வூட்ல சேத்துக்கினாங்களா?” என்றான். சிரித்து வைத்தேன்.

இங்கே வேலை பழகிவிட்டது. நெய்து வரும் புடவையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து இழை விட்ட இடம் தேடுவதுதான் காஞ்சிபுரத்திலும் செய்தேன், இங்கும் செய்கிறேன். ஊர்தான் வேறு.

கேட்க நினைத்தது இதுதான். பதினாறாம் தேதி விபூதிப் புதன். வருஷா வருஷம் போல அன்றிலிருந்து ஈஸ்டர் வரை குடியைத் தொடமாட்டேன். நீ என்னைப் போகச் சொன்னபிறகு வரும் முதல் தபசுகாலம் இது. சனிக்கிழமைதோறும் பிற்பகல் பஸ் ஏறினால் விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீட்டுக்கு வந்துவிடுவேன், திங்கள் காலை திரும்பிவிடுவேன். கல்யாண வேலைக்கு ஓர் ஆள் வேண்டாமா? அந்த நாற்பது நாளில் நான் எப்படி இருப்பேன் என்று உனக்குத் தெரியாததல்ல.

ஏப்ரல் ஐந்தாம் தேதி ராணியின் கையைப் பிடித்துக் கோயிலுக்குள் கூட்டிப்போக வேண்டியவன் நான்தானே. சரி என்று ஒரு வரி எழுது.

இப்படிக்கு,
யேசுதாஸ்


காஞ்சிபுரம்
8-2-1972

அன்புள்ள ராணி அப்பாவுக்கு,

இங்கு நானும் ராணியும் நலம். கடிதத்தை இரண்டு நாள் மேசையில் வைத்திருந்துவிட்டு இப்போது எழுதுகிறேன்.

தபசுகாலத்தில் உங்களால் குடிக்காமல் இருக்க முடியுமா என்ற சந்தேகம் எனக்கு இல்லை. கல்யாணமாகி இருபத்து மூன்று தபசுகாலம் பார்த்துவிட்டேன். ஒருமுறைகூட நீங்கள் தவறியதில்லை. அப்போது மதுவிலக்கு இருந்தது, இப்போது கடை திறந்துவிட்டார்கள், ஆனாலும் அதில் உங்களைச் சந்தேகப்பட மாட்டேன். எனக்குப் பயம் ஈஸ்டரில். இருபத்து மூன்று ஈஸ்டரில் ஒன்றுகூடத் தவறவில்லை, அதுவும் உங்களுக்குத் தெரியும். போன வருஷம் பூசை முடிந்து வந்த கூட்டத்தின் நடுவே கோயில் வாசலில் நீங்கள் விழுந்து கிடந்தீர்கள். ராணி புதுப்புடவை முந்தானையால் உங்கள் வாயைத் துடைத்தாள். அதற்கு மறுநாள்தான் ஆரணிக்கு மாற்றல் கேட்டுப் போகச் சொன்னேன்.

இந்த வருஷம் ஈஸ்டர் ஏப்ரல் இரண்டு. கல்யாணம் ஐந்து. தபசுகாலத்திலேயே வைத்துக்கொள்ளலாமா என்று சாமியாரிடம் கேட்டேன். “ஆயரு உத்தரவு வாங்கணும்மா, மேளம் கிடையாது, பூ கிடையாது. ஈஸ்டர் கழிச்சே வச்சிக்கோ. மூணு நாள்ல இன்னா ஆயிடப் போவுது?” என்றார். என்ன ஆகும் என்று நான் அவரிடம் சொல்லவில்லை.

நான் பக்தி உள்ளவள் அல்ல, கணக்கு டீச்சர். அதனால் கணக்காகவே ஒன்று சொல்கிறேன். உங்களுக்கு நாற்பது நாள் என்று முடிவு தெரிந்தால் இருக்க முடிகிறது. ஈஸ்டரிலிருந்து எண்ணினால் ஆண்டவர் விண்ணேறிய திருநாளும் நாற்பதாவது நாள்தான், மே பதினொன்று. உங்கள் விரதத்தை அங்கே மாற்றிக்கொள்ளுங்கள். இந்தத் தபசுகாலத்துக்கு வேறு எதையாவது விடுங்கள். குடியை ஈஸ்டர் அன்று விடத் தொடங்குங்கள். கல்யாணம் நான்காவது நாளில் வந்துவிடும். நான்காவது நாளில் நீங்கள் எப்போதும் கெட்டியாக இருப்பீர்கள்.

அதுவரை வர வேண்டாம். ராணி உங்களை அந்த நிலையில் இனிப் பார்க்கக் கூடாது.

அமலோற்பவம்


சேசு மரி சூசை

ஆரணி
13-2-1972

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தேன், பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. “சுவாமி, இந்த வருஷம் தபசுகாலத்தில் குடிக்கிறேன், ஈஸ்டருக்கு விடுகிறேன்” என்று இங்குள்ள சாமியாரிடம் சொன்னால் அவர் என்னைப் பாவம் சொல்லும் பாவசங்கீர்த்தனத் தொட்டியிலிருந்து கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவார். நான் குடிகாரன்தான், ஆனால் முறை தெரிந்த குடிகாரன்.

வேறு எதை விடுவது? காபியை விடலாமென்றால், ஆரணியில் நான் குடிக்கும் காபியை விடுவது தவம் ஆகாது, விடுதலை. கறி சாப்பிட்டு மாசமாகிறது. சினிமாவுக்கு நான் போவதில்லை. மிச்சம் வெற்றிலை. வேறு ஒன்றும் என்னிடம் இல்லையே அமலா. மனுஷனிடம் விடுவதற்கு எவ்வளவு குறைச்சலாக இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தபோதுதான் தெரிகிறது. நீயே ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் சொல்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். நான் வேலை விட்டு வந்ததும் நீ வாசலுக்கு வந்து கையிலிருந்து குடையை வாங்குவாயே, அது எதற்கு என்று எனக்குக் கல்யாணமான வருஷமே தெரியும். பங்குனி வெயிலிலும் குடையை வாங்க வருவாய். கிட்டே வந்து ஒரு மூச்சு இழுப்பாய். அப்புறம் உன் முகத்தைப் பார்த்தே நான் தெரிந்துகொள்வேன், இன்றைக்கு எனக்குத் தட்டில் சோறா, மூடி வைத்த சோறா என்று. தபசுகாலத்தில் மட்டும் நீ மூச்சு இழுத்துவிட்டு, குடையை ஆணியில் மாட்டிவிட்டு, “வாங்க” என்பாய். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இந்த வருஷமும் வரலாமென்று கேட்டேன்.

ஆனால் கணக்கில் நீ தப்பு செய்யமாட்டாய். நீ சொன்னபடியே செய்கிறேன்.

யேசுதாஸ்


காஞ்சிபுரம்
19-2-1972

அன்புள்ள ராணி அப்பாவுக்கு,

வெற்றிலையே போதும். பல்லுக்கும் நல்லது.

கல்யாணப் புடவை ஐயம்பேட்டையில் தறி ஏறிவிட்டது. அரக்கு உடல், பச்சைக் கரை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க நீங்கள் இல்லை, அதனால் ராணி தானே பிடித்துப் பார்க்கிறேன் என்கிறாள்.

எங்கள் பள்ளியில் குணமாலா என்ற டீச்சரைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். திருப்பருத்திக்குன்றத்து ஜைனர், பொழுது சாய்ந்தால் வாயில் எதுவும் வைக்கமாட்டார். வேறு யார் வீட்டுக் கதையோ போல நம் ஏற்பாட்டைச் சொன்னேன். அவர் டிபன் டப்பாவை மூடிக்கொண்டே, “இன்னா டீச்சர் இது, விரதத்த ஒருத்தரு எடுக்கச் சொல்லலாம், வேணாம்னு தடுக்கலாம். உன்னுத நவுத்தி வச்சிக்கோன்னு சொல்றதுக்கு அது இன்னா பெஞ்சா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நம்பிக்கை உள்ளவர்கள் அப்படித்தான் பேசுவார்கள் என்று விட்டுவிட்டேன்.

இன்று சனிக்கிழமை. பஸ் வரும் நேரத்தில் குடை மாட்டும் ஆணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காரணம் ஒன்றுமில்லை.

அமலோற்பவம்


ஆரணி
1-3-1972

அமலோற்பவத்துக்கு,

நீ சொன்னபடி செய்தேன்.

விபூதிப் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்தேன். வெற்றிலைப் பெட்டியை முனுசாமியிடம் கொடுத்தேன். புதன், வியாழன் இரண்டு நாளும் சும்மாவே இருந்தேன். கால் கடைப்பக்கம் போகவில்லை. வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிந்து வரும்போது ஒரு யோசனை. தடையொன்றும் இல்லையே, அவளே சொல்லிவிட்டாளே என்று. போனேன்.

உன்னிடம் எப்போதும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நம் கல்யாணத்துக்கு இரண்டு வருஷம் முன்னால் என் அம்மா செத்துப்போனாள். கடைசியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “இனிமே அத்தத் தொடமாட்டேன்னு சொல்லுடா” என்றாள். என்னால் பொய் சொல்ல முடியவில்லை. “தபசுகாலத்துல தொடமாட்டேம்மா” என்றேன். சாகப்போகிறவளிடம் பேரம் பேசினேன். அவள், “சரி, அதையாவது செய்யி” என்றாள். இருபத்தைந்து தபசுகாலம் அந்தச் சொல்லைக் காப்பாற்றினேன். வேறு எந்தச் சொல்லையும் நான் காப்பாற்றியதில்லை. உனக்குத் தந்ததையும் சேர்த்துத்தான்.

அந்த வெள்ளிக்கிழமை அதுவும் போயிற்று. அன்றிலிருந்து தினமும்தான். இப்போது எனக்குத் தபசுகாலம் ஒன்று, சாதாரண நாள் ஒன்று என்று வித்தியாசம் தெரியவில்லை. ஏப்ரல் இரண்டாம் தேதி விடு என்கிறாய். எதைப் பிடித்துக்கொண்டு விடுவது? பிடித்திருந்த கயிறு ஒன்றுதான்.

உன்மேல் கோபம் இல்லை. நீ ராணிக்காகத்தான் சொன்னாய். வெற்றிலை ஒரு விடுதலா என்று முனுசாமிகூடக் கேட்டான். சரியான ஒன்றை இப்போது தேர்ந்துகொண்டேன். கல்யாணத்துக்கு நான் வரவில்லை. ராணியின் கையை உன் தம்பி அருளப்பன் பிடித்துக் கூட்டிப்போகட்டும். இந்தத் தபசுகாலத்துக்கு நான் விடுவது அதுதான்.

யேசுதாஸ்


காஞ்சிபுரம்
7-3-1972

அன்புள்ள ராணி அப்பாவுக்கு,

கடிதத்தின் தலையில் நீங்கள் எப்போதும் எழுதும் சேசு மரி சூசை இல்லை. அதை முதலில் பார்த்தேன். நம்பாதவளான எனக்கே அந்த வெற்றிடத்தைப் பார்க்க முடியவில்லை.

நான் தப்பு செய்துவிட்டேன். கணக்கில் அல்ல. உங்கள் கையில் இருந்த ஒரே நல்ல பொருளை, பயன்படும் இடத்துக்கு நகர்த்தி வைக்கலாம் என்று எடுத்தேன். எடுத்தபோதே உடைந்துவிட்டது. அத்தையிடம் நீங்கள் சொன்ன சொல் எனக்குத் தெரியாது என்பது உண்மைதான். தெரியாத ஒன்றை இவ்வளவு தைரியமாகத் தொட்டேன் என்பதும் உண்மை.

ராணிக்காகச் சொன்னேன் என்று எழுதியிருக்கிறீர்கள். பாதிதான் அது. மற்ற பாதியை எழுதுகிறேன்.

நாற்பது நாள் என்கிறோமே தவிர ஞாயிற்றுக்கிழமைகளைத் திருச்சபை விரதத்தில் சேர்ப்பதில்லை. நீங்கள் அந்த ஞாயிறுகளிலும் தொட்டதில்லை. ஆக நாற்பத்தாறு நாள். இருபத்து மூன்று வருஷத்துக்கு ஆயிரத்து ஐம்பத்தெட்டு நாள். மூன்று வருஷம்கூட இல்லை. நான் உங்களோடு வாழ்ந்தது அவ்வளவுதான். மற்ற நாட்களில் உங்களைக் காவல் காத்தேன்.

அந்த நாட்களில் நீங்கள் என் பக்கத்தில் உட்கார்ந்து பரீட்சைத் தாள்களின் மார்க்கைக் கூட்டித் தருவீர்கள். பெரிய வெள்ளிக்குப் பாட வேண்டிய பிரலாபப் பாட்டை ராகம் தப்பிப் பாடிப் பழகுவீர்கள், ராணி காதைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். ஊரெல்லாம் ஈஸ்டருக்குக் காத்திருக்கும். நான் சாம்பலுக்குக் காத்திருப்பேன். பூசைக்கு ஒழுங்காக வராதவள், நாட்காட்டியில் விபூதிப் புதனை மட்டும் ஜனவரியிலேயே பார்த்து வைத்துவிடுவேன். குருத்து ஞாயிறு வந்ததும் ஈஸ்டருக்கு நாள் எண்ணத் தொடங்கிவிடுவேன். இன்னும் ஏழு நாள், இன்னும் ஆறு நாள்.

இந்த வருஷம் நீங்கள் வருகிறேன் என்று எழுதியபோது, இன்னொரு நாற்பது நாளைக் கையில் வாங்கி மறுபடியும் பறிகொடுக்க என்னால் முடியாது என்று தோன்றியது. உங்களை எதையாவது விடச் சொல்லிவிட்டு, நான் விட்டது அதைத்தான். அதை உங்களிடம் மறைத்துவிட்டுக் கணக்கு எழுதினேன்.

எந்த நிலையில் இருந்தாலும் ஐந்தாம் தேதி வாருங்கள். ராணியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள், “அப்பா வந்தா போதும்மா, நான் புடிச்சிக்கினு போறேன்” என்றாள்.

அமலோற்பவம்


காஞ்சிபுரம்
22-3-1972

அன்புள்ள ராணி அப்பாவுக்கு,

பதில் இல்லை. தபால்காரர் என்னைப் பார்த்ததும் தூரத்திலிருந்தே கையை ஆட்டிவிடுகிறார்.

புடவை வந்துவிட்டது. ஓர் இடத்தில் இழை விட்டிருக்கிறது. ராணி கண்டுபிடித்தாள், திருப்பித் தரமாட்டேன் என்கிறாள். “அப்பா பாத்துச் சொல்லட்டும்” என்று மடித்து வைத்திருக்கிறாள்.

வாருங்கள்.

அமலோற்பவம்


காஞ்சிபுரம்
6-4-1972

அன்புள்ள ராணி அப்பாவுக்கு,

நேற்று நீங்கள் வந்தீர்கள்.

கோயில் வாசலில் அருளப்பன் வேட்டியைச் சரிசெய்துகொண்டு ராணியின் பக்கத்தில் நின்றான். அவள் அசையவில்லை. மேளக்காரர்கள் இரண்டுமுறை தொடங்கி நிறுத்தினார்கள். அப்போது சைக்கிள்கள் நிறுத்தும் இடத்தில் குடையோடு உங்களைப் பார்த்தேன். எனக்கு முன்பே அவள் பார்த்துவிட்டாள். மணப்பெண் அப்படி நடந்துபோய் ஒருவரைக் கையைப் பிடித்து அழைத்து வருவதை இந்த ஊர் முன்பு பார்த்திருக்காது. “ஒரு இழை வுட்டுக்கினு கீது பாருப்பா” என்று அவள் முந்தானையை உங்களிடம் நீட்டியதும், நீங்கள் அதை வெயிலில் பிடித்துப் பார்த்து, “கட்டினா தெரியாது, வா” என்றதும் எனக்குக் கேட்டது.

நடை நிதானமாக இருந்தது. அது நான்காவது நாளின் நிதானமா, விழுந்துவிடக் கூடாது என்ற ஜாக்கிரதையா, எனக்குத் தெரியாது.

பூசை முடிந்து வெளியே வந்ததும் என் எதிரே நின்று குடையை நீட்டினீர்கள். நான் கையை நீட்டவில்லை. ஓர் அடி விலகி நின்றேன். நீங்கள் குடையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டீர்கள். சாப்பிடக்கூட இல்லை. குணமாலாதான் ஓடிவந்து, “டீச்சர், சார் போயிட்டாரு, இலை போட்டு வச்சிருக்குது” என்றார். பஸ் நிலையத்துக்கு ஆள் அனுப்புவதற்குள் ஆரணி வண்டி கிளம்பிவிட்டது.

நான் உங்களை விலக்கினேன் என்று நினைத்துப் போயிருக்கிறீர்கள். வேறு என்ன நினைக்க முடியும்? இருபத்து மூன்று வருஷம் குடையை வாங்கியவள் நேற்று வாங்கவில்லை.

நடந்தது இது. உங்கள் மார்ச் மாதக் கடிதம் வந்த அன்று நானும் ஒன்றை விட்டேன். நம்பிக்கை இல்லாதவள் தபசுகாலத்தில் எதையாவது விட்டது அதுதான் முதல்முறை, பாதியில் தொடங்கினேன். இனி உங்கள் பக்கத்தில் வந்து மூச்சு இழுத்துப் பார்ப்பதில்லை என்று. நேற்று குடையை வாங்கியிருந்தால் தெரிந்திருக்கும். தெரிந்துகொள்ள எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. அதனால்தான் விலகி நின்றேன்.

இதை அங்கேயே வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். சொல்ல எனக்கு வராது என்பது உங்களுக்குத் தெரியும். நேற்றும் வரவில்லை.

மே பதினொன்று வரை நான் நாள் எண்ணப்போவதில்லை. நீங்களும் எண்ண வேண்டாம். எந்தச் சனிக்கிழமையானாலும் வாருங்கள். நான் உள்ளேதான் இருப்பேன், வாசலுக்கு வரமாட்டேன். குடையை நீங்களே ஆணியில் மாட்டிக்கொள்ளுங்கள்.

அமலோற்பவம்